காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது: புது கோச்சை எடை போடுவது எப்படி?

ஒரு டீமுக்குப் புது கோச் வந்ததும் ஃபேன்ஸ் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. "இவர் வந்த ராசி, இனிமே நாமதான்" என்று ஒரு கட்சி. "இவரை எங்கிருந்துடா புடிச்சாங்க?" என்று இன்னொரு கட்சி. முதல் மூணு மேட்ச் முடியறதுக்குள்ள ரெண்டுல ஒரு கட்சி ஜெயிச்சுட்டதா அறிவிச்சிடும். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸிலும் இதே பேச்சுதான் ஓடிட்டிருக்கு. காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்குப் புது கோச் வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள தீர்ப்பு எழுதியாச்சு.

இந்தப் பாடத்துல அந்தத் தீர்ப்பைச் சோதிச்சுப் பார்ப்போம். தேவைப்படுறது ரெண்டாம் வருஷத்துல படிச்ச நிகழ்தகவு மட்டும்தான். சோதனைக்கு எடுத்துக்கிற கேஸ் நமக்குத் தெரிஞ்சதே. ஊரப்பாக்கத்துல லோக்கல் ட்ரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்துபோய்ப் பார்த்த டீம்: சென்னையின் எஃப்சி.

கேஸ்: 2019 டிசம்பர்

ஐஎஸ்எல் 2019-20 சீசன். கோச் ஜான் கிரிகரி. முதல் நாலு மேட்ச்ல சென்னையின் ஒரு கோல்கூடப் போடல. ஆறு மேட்ச் முடிஞ்சப்போ ஒரு வெற்றி, ரெண்டு டிரா, மூணு தோல்வி. மொத்தம் 5 பாயின்ட். நவம்பர் கடைசியில கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரம் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காய்ல் வந்தார்.

காய்லோட பயோடேட்டாவை ரெண்டு விதமாப் படிக்கலாம். 2009-ல் பர்ன்லி டீமை இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு ஏத்தினவர் இவர். 2012-ல் போல்டன் அதே பிரீமியர் லீக்ல இருந்து கீழே இறங்கினப்போ அங்கே கோச்சா இருந்தவரும் இவர்தான். நம்பணும்னு முடிவு பண்ணினவன் முதல் வரியைப் படிப்பான், நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணினவன் ரெண்டாவதைப் படிப்பான்.

நடந்தது என்ன? காய்ல் தலைமையில 12 லீக் மேட்ச். 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 பாயின்ட். லீக்ல நாலாவது இடம். அரையிறுதியில கோவாவை ரெண்டு மேட்ச் சேர்த்து 6-5 என்று தாண்டியாச்சு. 2020 மார்ச் 14-ந் தேதி, கொரோனாவால ஆளில்லாத ஃபட்டோர்டா ஸ்டேடியத்துல ஃபைனல். ஏடிகே கிட்ட 3-1 தோல்வி. நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோலோட கோல்டன் பூட் வாங்கினார்.

மேட்சுக்கு 0.83 பாயின்ட் எடுத்த டீம், கோச் மாறினதும் மேட்சுக்கு 2 பாயின்ட் எடுத்திருக்கு. இதைவிட வேறென்ன சாட்சி வேணும்? பலருக்கு இதுவே போதும். நமக்குப் போதாது. காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்தது உண்மை. காக்கை உட்காராம இருந்திருந்தா விழுந்திருக்காதா என்பதுதான் கேள்வி.

பகடையை உருட்டுவோம்

ரொம்பச் சாதாரண ஒரு டீமைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பகடை உருட்டுறோம். 1, 2 விழுந்தா வெற்றி, 3 பாயின்ட். 3, 4 விழுந்தா டிரா, 1 பாயின்ட். 5, 6 விழுந்தா தோல்வி, பாயின்ட் இல்லை. இந்த டீமுக்குக் கோச்சே கிடையாது. திறமை கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஆறு மேட்ச்ல இந்த டீமோட சராசரி 8 பாயின்ட். ஆனா சராசரி 8 என்றால் ஒவ்வொரு தடவையும் 8 வரும்னு அர்த்தம் இல்லை. ஆறு மேட்சுக்கு மொத்தம் 3-ன் அடுக்கு 6, அதாவது 729 விதமான முடிவுகள் இருக்கு. அதுல 5 பாயின்டோ அதுக்குக் கீழோ வருவது 159. கிட்டத்தட்ட 22 சதவீதம்.

அதாவது, எந்தக் குறையும் இல்லாத சராசரி டீம், ஐந்து தடவையில ஒரு தடவை, "கோச்சை மாத்து" என்று கத்துற அளவுக்குத் தானாகவே மோசமா ஆரம்பிக்கும். அப்போ கோச்சை மாத்தினாலும் சரி, மாத்தாம விட்டாலும் சரி, அடுத்த ஆறு மேட்ச்ல அந்த டீமோட எதிர்பார்ப்பு திரும்பவும் 8 பாயின்ட்தான். பேர் வாங்கிட்டுப் போறது புதுசா வந்தவர்.

இதுக்குப் பேர் சராசரிக்குத் திரும்புதல். 19-ம் நூற்றாண்டுல ஃபிரான்சிஸ் கால்டன், ரொம்ப உயரமான பெற்றோரோட பிள்ளைங்க சராசரியா பெற்றோரைவிடக் கொஞ்சம் உயரம் குறைவா இருப்பதைக் கவனிச்சு எழுதினது இது. நம்ம பாஷையில சொன்னா முதல் இன்டர்னல் கதை. அதுல ரொம்பக் குறைவா எடுத்தவங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டுத் திட்டினா, அவங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டாவது இன்டர்னல்ல கொஞ்சம் மேலே வருவாங்க. திட்டினவர் தன் திட்டுதான் வேலை செஞ்சுதுன்னு நினைப்பார். டாப் எடுத்தவங்களைப் பாராட்டினா, அடுத்ததுல கொஞ்சம் இறங்குவாங்க. பாராட்டினது தப்புன்னு நினைப்பார். ரெண்டுலயும் பாதி வேலையைச் செஞ்சது சராசரிதான்.

கோச்சை மாத்துறது எப்பவுமே டீம் அடிமட்டத்துல கிடக்கும்போதுதான். அங்கிருந்து போக வழி பெரும்பாலும் மேலேதான். அதனாலதான் புது கோச்சுக்கு "வந்த நேரம்" நல்லா இருக்கு.

இன்னொரு சின்ன விவரம். கிரிகரியோட கடைசி ரெண்டு மேட்சைப் பாருங்க. ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயிச்சாங்க, ஒடிசாவோட 2-2 டிரா. நாலு கோல், 4 பாயின்ட். ஹைதராபாத் அந்த சீசன்ல கடைசி இடம் புடிச்ச டீம்தான், ஒப்புக்கறேன். ஆனா கோல் வறட்சி தீர்ந்தது காய்ல் வர்றதுக்கு முன்னாடி.

கோச் மாறாத சீசன்

ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க, மருந்து சாப்பிடாத ஒரு குழுவும் வேணும். அதிர்ஷ்டவசமா சென்னையின் வரலாற்றுலயே அப்படி ஒரு சீசன் இருக்கு.

2015. கோச் மார்கோ மாட்டராஸி. 10 மேட்ச்ல 10 பாயின்ட், பட்டியல்ல அடிமட்டம். 2019-ஐப் போலவே கோச்சை அனுப்ப எல்லாக் காரணமும் இருந்தது. அனுப்பல. மிச்சமிருந்த நாலு லீக் மேட்சையும் ஜெயிச்சாங்க. டிசம்பர் வெள்ளத்தால சென்னையில ஆட முடியாம, அரையிறுதி ஹோம் மேட்சைப் புனேயில ஆடி ஏடிகேவை 3-0 என்று அடிச்சாங்க. ஃபைனல்ல கோவாவை 3-2 என்று ஜெயிச்சுக் கோப்பையும் எடுத்தாங்க.

அந்த நவம்பர்ல ஒரு புது கோச் வந்திருந்தா, இன்னைக்கு அவருக்கு நாம சிலை வெச்சிருப்போம்.

எதிர்த்திசையிலயும் ஒரு உதாரணம் உண்டு. 2017-18-ல் ஜான் கிரிகரி வந்த முதல் சீசனே சாம்பியன். அடுத்த சீசன், அதே கிரிகரி, 18 மேட்ச்ல 9 பாயின்ட், கடைசி இடம். ஒரே மனுஷர் ஒரு வருஷத்துல விளையாட்டை மறந்துடல. உச்சியில இருந்து போக வழி பெரும்பாலும் கீழேதான்.

அப்போ கோச் சும்மாவா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. "எல்லாம் லக்" என்று முடிச்சுட்டா அதுவும் ஆறு மேட்சைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ற மாதிரிதான்.

அதே பகடை டீம் 12 மேட்ச்ல 24 பாயின்டோ அதுக்கு மேலோ எடுக்க வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போட்டா 4.4 சதவீதம். சரிஞ்ச தொடக்கத்தைப் பகடையே விளக்கிடுச்சு. ஏறின முடிவை அவ்வளவு சுலபமா விளக்க முடியல. அந்த டீம் உண்மையிலேயே சராசரிக்கு மேல இருந்திருக்கணும். வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ, ஆந்த்ரே ஷெம்ப்ரி, லாலியன்சுவாலா சாங்டே என்று முன்வரிசை பலமா இருந்தது. அந்த ஆட்களை வெச்சுத் துணிஞ்சு தாக்கி ஆட வெச்சதுல காய்லுக்குப் பங்கு உண்டுன்னு சொல்றது நியாயம்தான். எவ்வளவு பங்கு என்பதை 12 மேட்சை மட்டும் வெச்சுப் பிரிக்க முடியாது.

கொஞ்சம் நீளமாப் பார்த்தா படம் தெளிவாகுது. 2020-ல் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் கூடவே போனார். அங்கே முதல் சீசன்ல ஆறாவது இடம்தான். அடுத்த சீசன் 2021-22-ல் 20 மேட்ச்ல 43 பாயின்ட், லீக் ஷீல்டு. ஒரே இடத்துல வந்த முடிவைவிட ரெண்டு இடத்துல வந்த முடிவு வலுவான சாட்சி.

சென்னையில? 2020-21 சாபா லாஸ்லோ, எட்டாவது இடம். 2021-22 போஜிதார் பாண்டோவிச் வந்தார், சீசன் முடியும் முன்னமே அவரை அனுப்பிட்டு சபீர் பாஷாவை இடைக்காலமா வெச்சாங்க, எட்டாவது இடம். 2022-23 தாமஸ் பிர்டாரிச், எட்டாவது இடம். கோச் மாறிக்கிட்டே இருந்தாங்க, நாற்காலி நகரவே இல்லை.

2023-ல் காய்ல் திரும்பி வந்தார். ஆறாவது இடம், பிளேஆஃப். ஃபேன்ஸுக்குக் கொண்டாட்டம். ஆனா எண்ணைப் பாருங்க. பிர்டாரிச் 20 மேட்ச்ல எடுத்தது 27 பாயின்ட். காய்ல் 22 மேட்ச்ல எடுத்ததும் 27 பாயின்ட். ஒருத்தருக்கு அது எட்டாவது இடம், இன்னொருத்தருக்கு ஆறாவது இடம். அடுத்த 2024-25-ல் 27 பாயின்ட், பதினோராவது இடம். அதே காய்ல்தான்.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுது. பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர், நெதர்லாந்து லீக்ல 1986-லிருந்து 2004 வரை கோச் மாறின டீம்களையும், அதே மாதிரி சரிஞ்சும் கோச்சை மாத்தாத டீம்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மீண்டு வந்தன. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் டீம்களை ஆராய்ஞ்ச ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி மூவரும் 2013-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. ரொம்ப மோசமான டீமுக்குக் கோச் மாற்றம் பெரிசா எதையும் மாத்தல. நடுத்தர டீமுக்கு அது பாதகமாவே முடிஞ்சது.

நம்ம கோர்ட்டுக்கு வருவோம்

லீக்லயாவது 18, 20 மேட்ச் கிடைக்கும். நம்ம ஜோனல் டோர்னமென்ட் நாக்-அவுட். ஒரு தோல்வி, பேக்கைக் கட்டு. ஒவ்வொரு மேட்சையும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்புள்ள நல்ல டீம் என்று வெச்சுக்குவோம். கோப்பைக்கு நாலு மேட்ச் ஜெயிக்கணும். 0.6-ஐ நாலு தடவை பெருக்கினா 0.13. நூறு தடவை ஆடினா கோப்பை 13 தடவைதான். முதல் ரவுண்டுலயே வெளியேறுறது 40 தடவை. நல்ல கோச்சுக்கே இந்தக் கதி. பல காலேஜ்ல கோச் வேலை வருஷ ஒப்பந்தம் என்பதையும் நினைச்சுக்குங்க. 40 நிமிஷ ஆட்டத்தைப் பார்த்து நாம கத்துற கத்தல், ஒருத்தரோட அடுத்த வருஷச் சம்பளத்தைத் தொடும். கோச் மாறினா ஜூனியர்ஸ் மறுபடி முதல்ல இருந்து புது சிஸ்டம் கத்துக்கணும் என்பது தனி.

சரி, ஸ்கோரை நம்ப முடியலன்னா எதைப் பார்க்கிறது?

1. சீக்கிரம் எண்ணிக்கை சேர்ற விஷயத்தைப் பாருங்க. ஃப்ரீ த்ரோவுல எதிராளி குறுக்கே வர மாட்டான். 60 சதவீதம் போட்ட டீம், 10 ஷாட்ல 70 சதவீதம் போட்டா அது ஒரே ஒரு பந்து, அதுக்கு அர்த்தம் இல்லை. 200 ஷாட்ல 70 சதவீதம் போட்டா அது லக்கா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

2. டர்ன்ஓவரை எண்ணுங்க. ஒரு மேட்சுக்கு எத்தனை தடவை பந்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கறோம்? ஜெயிச்ச மேட்சுக்கும் எண்ணணும், தோத்த மேட்சுக்கும் எண்ணணும்.

3. பெஞ்சைப் பாருங்க. எத்தனை பேருக்கு ஆட வாய்ப்பு வருது? ஃபர்ஸ்ட் இயர்ல சேர்ந்தவங்க செகண்ட் இயர்லயும் ப்ராக்டிஸுக்கு வர்றாங்களா?

4. இவர் வர்றதுக்கு முன்னாடி டீம் எங்கே இருந்ததுன்னு கேளுங்க. போன மாசத்தைக் கேட்டா போதாது, மூணு வருஷச் சராசரியைக் கேளுங்க.

5. கோச்சோட சேர்ந்து வேற என்ன மாறிச்சு? உயரமான சென்டர் பாஸ் அவுட் ஆயிட்டாரா? நல்ல பாயின்ட் கார்டு புதுசா சேர்ந்திருக்காரா? அதுக்கான பேரையும் பழியையும் கோச் தலையில கட்டாதீங்க.

இதெல்லாம் பார்த்தா மேட்ச் ரசிக்க முடியாதேன்னு கேட்கலாம். ரசிக்கலாம். தொண்டை கிழியக் கத்துங்க. ஃபேனோட வேலையே அதுதான். கத்தலை மட்டும் கணக்குன்னு நினைச்சுக்காம இருந்தாப் போதும்.

பயிற்சி

பகடை டீமைப் பைத்தான்ல எழுதுங்க, இருபது வரி தாண்டாது. 18 மேட்ச் கொண்ட சீசனை 10,000 தடவை ஓட்டுங்க. முதல் ஆறு மேட்ச்ல 5 பாயின்டோ அதுக்குக் கீழோ எடுத்த சீசன்களை மட்டும் பிரிச்சு எடுங்க. அந்த சீசன்களோட மிச்சம் 12 மேட்ச்ல சராசரி எவ்வளவுன்னு பாருங்க. கிட்டத்தட்ட 16 வரணும், அதாவது மேட்சுக்கு 1.33. யாரும் வரல, யாரும் போகல, டீம் மட்டும் "மீண்டு" வந்திருக்கும்.

அந்த கிராஃபை பிரின்ட் எடுத்து மெஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. இந்த வருஷ ஜோனல் முடியற வரைக்குமாவது அங்கேயே இருக்கட்டும்.