டீபக்கரின் வினாவும் விடையும்

சென்ற பருவத்தில் ஓரிரவு, விடுதியில் என்னுடன் ஓரறையில் வசிக்கும் நண்பர் தம் கணிப்பொறியின் முன் திகைத்து வீற்றிருக்கக் கண்டேன். அவர் கணிப்பொறியியல் பயில்பவர். யானோ தமிழ் பயில்பவன். "நேற்று இதே கட்டளையை இட்டபோது, அனைத்தையும் நீக்கலாமா என்று கேட்டது, இன்று கேளாமலே நீக்கிவிட்டது!" என்றார். இரண்டு மணி நேரம் ஆராய்ந்து அவர் குறித்து வைத்த 14 நிறுத்துமிடங்களும் நொடிப்பொழுதில் மறைந்திருந்தன. வினாவைப் பற்றிய வழக்கு எதுவாயினும் அதில் தமிழ் மாணவனுக்கும் பங்குண்டு என்று துணிந்து, அந்நிரலின் மூலத்தை அவருடன் இருந்து படிக்கலானேன். அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

டீபக்கர் என்பது பிழைநாடும் நிரல். பிறிதொரு நிரலை இடையே நிறுத்தி, அதன் உள்ளிருக்கும் மதிப்புகளைக் கண்டு, பின் மேலே செல்ல விடுவது அதன் தொழில். எவ்வெவ்வரியில் நிற்க வேண்டுமென்று நாம் குறிப்பனவே நிறுத்துமிடங்கள். நண்பர் கையாண்டது ஜி.டி.பி. என்பது, 1986-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் இயற்றியது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடப்பதால், எம்மனோரும் படிக்க இயன்றது.

டெர்மினலில் தன் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டு, ஓர் இடைவெளியும் விட்டு அது காத்திருக்கும். இதனையே பிராம்ப்ட் என்பர். "யான் ஒழிந்திருக்கின்றேன், இனி உன் முறை" என்பது அதன் பொருள். ஆராயப்படும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது இக்குறி பொதுவாகத் தோன்றாது. அப்பொழுது டெர்மினல் அந்நிரலுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. இருவரும் ஒரே வாயிலில் நின்று கேட்டால், நாம் தட்டும் எழுத்து எவரிடம் சேரும்? ஆதலின், ரீட்லைன் என்னும் துணைநிரல் எழுத்துகளை வாங்குவதையும் அந்நேரத்தில் மூலநிரல் நிறுத்தி வைக்கின்றது. பிராம்ப்டை நாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இறுதியில் வேண்டும் இடைவெளியை நாமே இடவேண்டும். வண்ணம் தீட்டினால், கண்ணுக்குத் தோன்றா எழுத்துகள் இவையென அடையாளமும் இடவேண்டும். இன்றேல் வரியின் நீளம் தவறாக எண்ணப்பட்டு, நீண்ட கட்டளையைத் திருத்துங்கால் கர்ஸர் இடம் மாறி நிற்கும்.

இனி வினாவுக்கு வருவோம். நன்னூலார் விடையை எண்வகைப்படுத்தினார். டீபக்கரோ நேர், மறை என்னும் இரண்டனையே அறியும். "நீக்கலாமா?" என்று அது கேட்க, "என் உழைப்பு வீணாகுமே" என்று நாம் உறுவது கூறினால் அதற்குச் செவி இல்லை, ஒய் அல்லது என் என்னும் ஆங்கில எழுத்தால் விடையிறுக்குமாறு மீண்டும் கேட்கும். நாம் எழுதும் சொல்லின் முதலெழுத்தை மட்டுமே அது நோக்குகின்றது என்பது எனக்கு நகைப்பை விளைத்தது. ஒய் என்பதில் தொடங்கும் எச்சொல்லும் அதற்கு உடன்பாடே!

வினா கேட்கும் செயற்கூறுகள் மூன்று. ஒன்று வெறும் வினா. அதற்கு விடை கூறாது என்டர் விசையை அழுத்தினால் ஏற்காது. ஏனைய இரண்டும் முறையே உடன்பாட்டையும் மறுப்பையும் முன்னரே தம்முள் கொண்டவை; அவற்றில் மௌனமும் விடையாம். இங்ஙனம் மௌனத்தை அத்துணைக் கவனமாகப் பகுத்தவர்கள், வெறும் வினாவுக்கு எதிரே கண்ட்ரோலுடன் டி விசையை அழுத்தி உள்ளீட்டை முடித்தால் மட்டும் அதனை உடன்பாடென்றே கொள்ளுகின்றனர். எழுந்து போனவனை இசைந்தவனாக எண்ணுதல் முறையோ என்பது என் ஐயம்.

நண்பரின் துயருக்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது. ஜி.டி.பி.யின் கட்டளை ஒவ்வொன்றுக்கும் சி++ மொழியில் ஒரு செயற்கூறு உண்டு. அது பெறுவன இரண்டு: கட்டளையைத் தொடர்ந்து வரும் சொற்கள் ஒன்று, ஃப்ரம் டி.டி.ஒய். என்னும் ஓர் எண் மற்றொன்று. டி.டி.ஒய். என்பது பழைய டெலிடைப் பொறியின் பெயர்ச்சுருக்கம்; பொறி மறைந்தும் பெயர் நிலைத்தது. கட்டளை டெர்மினல்வழி வந்ததாயின் அவ்வெண் 1. கோப்பிலிருந்து வந்ததாயின் 0. நீக்கும் கட்டளையின் செயற்கூற்றில், "இவ்வெண் சுழியாயின் கேளாமலே நீக்குக, அன்றேல் கேட்டு நீக்குக" என்னும் கருத்தமைந்த ஒரே வரி இருக்கக் கண்டோம். முதல்நாள் நண்பர் கையால் தட்டினார். மறுநாள் அதே கட்டளையைக் கோப்பில் எழுதிப் படிக்கச் செய்தார். கோப்பை வினவுவது எங்ஙனம்? அது விடை தராதன்றோ!

டெர்மினலுக்குப் பதிலாகப் பிறிதொரு நிரலின் வெளியீட்டைக் குழாய்வழி ஊட்டினால் நிகழ்வது இன்னும் வியப்பு. அப்பொழுது எண் 1 ஆகவே இருக்கும். ஆதலின் வினா எழும். ஆயின், எதிரே டெர்மினல் இல்லையென்று கண்டு, டீபக்கர் தானே ஒய் என்று விடையும் எழுதிக்கொள்ளும். உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை என்பதையும் ஒளியாமல் உடன் அச்சிடும்.

வெற்று வரியிலும் இவ்வேறுபாடே காண்கின்றோம். டெர்மினலில் வெறுமனே என்டர் தட்டினால், முன்னைக் கட்டளை மீண்டும் நிகழும். மூலநிரலை வரிசையாகக் காட்டும் லிஸ்ட் கட்டளைக்கு அஃது அடுத்த வரிகளைக் காட்டும் பேருதவி. கோப்பில் உள்ள வெற்று வரியோ ஒன்றும் செய்யாது. மீண்டும் நிகழ்ந்தால் கேடு தரும் கட்டளைகள், டோண்ட் ரிப்பீட் என்னும் செயற்கூற்றை அழைத்துத் தம் நினைவை அழித்துக்கொள்ளுகின்றன. நீக்கும் கட்டளை முதற்கண் செய்வதே அதுதான். நாங்கள் அவ்வரியைக் கண்டபோது நண்பர் கைப்பாகத் தலையசைத்தார்.

அவர் இப்பொழுது தம் கோப்பில், நீக்கும் கட்டளைக்கு மேலே சேவ் பிரேக்பாயிண்ட்ஸ் என்னும் கட்டளையை எழுதி வைத்திருக்கின்றார். அது நிறுத்துமிடங்களை வேறொரு கோப்பில் சேமித்து வைக்கும். நீக்க வேண்டியவற்றின் எண்களையும் இப்பொழுது தனித்தனியே குறிக்கின்றார். மறைந்த 14-இல் 11-ஐ அன்றிரவே நினைவிலிருந்து மீட்டார். எஞ்சிய மூன்றுக்கு விடியுமட்டும் விளக்கு எரிந்தது.