ஷிப்ட் வீட்டுக்கு ஒரு தட்டு கடலை பார்: 10 குறிப்புகள்

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் பல வீடுகளில் அடுப்பே பற்றுகிறது. இரவு ஷிப்டுக்குப் போனவருக்கு நடுராத்திரியில் பசிக்கும். பையில் நசுங்காமல், கையில் ஒழுகாமல் தெம்பு தரும் பண்டம் இது: அடியில் வெண்ணெய் பிஸ்கட், மேலே வெல்லப்பாகில் கடலையும் முந்திரியும். கடலை மிட்டாய் கிளறிய கைக்குச் சுலபமாக வரும்.

1. 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு அளவு: அடிக்கு மைதா 150 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 50. மேலுக்கு வேர்க்கடலை, முந்திரி சேர்த்து 200 கிராம், வெல்லம் 100, வெண்ணெய் 30, ஃப்ரெஷ் க்ரீம் 2 டேபிள்ஸ்பூன். மைதா 3, வெண்ணெய் 2, சர்க்கரை 1 என்ற எடைக் கணக்கு நினைவிருந்தால் எந்தத் தட்டுக்கும் கூட்டிக் குறைக்கலாம்.

2. வெண்ணெய் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்கட்டும். விரல் நுனியால் மாவில் உதிர்த்து, புட்டு மாவுபோல் ஆக்கி, தட்டில் பரப்பி டம்ளர் அடியால் அழுத்துங்கள். பரோட்டாவுக்குப் போலப் பிசைந்தால் அடி கடினமாகிவிடும். நெய் என்றால் 80 கிராம் போதும். வெண்ணெயில் உள்ள ஈரம் நெய்யில் கிடையாது.

3. மாவு பிசைய நேரமில்லையா? 200 கிராம் மேரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 90 கிராம் கலந்து அழுத்துங்கள். இதற்கு 10 நிமிடச் சூடு போதும்.

4. கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எதையும் சேர்க்காதீர்கள். சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, முறத்தில் புடைத்து எடுங்கள். முந்திரி சீக்கிரம் சிவக்கும், தனியே வறுங்கள்.

5. மைதா அடியை முள்கரண்டியால் குத்தி, 175 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை முதலில் வேகவிடுங்கள். பச்சை மாவின் மேல் பாகை ஊற்றினால் அடி சொதசொதவென்று நின்றுவிடும்.

6. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், விரலில் இளகிய உருண்டையாகத் திரள வேண்டும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் பாகு ஒடியும் பதம் வேண்டும். இங்கே அதுவரை விட்டால், ஓவனில் இன்னும் சுண்டி, கடிக்கவே முடியாது. இறக்கியதும் வெண்ணெய், க்ரீம், கடலை கலந்து, சூடான அடியின் மேல் பரப்பி, 160 டிகிரியில் 12 நிமிடம் வையுங்கள். ஓரத்தில் குமிழி வந்தால் எடுத்துவிடலாம்.

7. 1,500 வாட் ஓவன் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். வாடகை வீட்டுச் சுவரில் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். கிரைண்டருக்கென்று வைத்த 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம்.

8. ஓவன் இல்லாவிட்டால் 5 லிட்டர் குக்கர் உண்டே. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்பு, அதன்மேல் ஸ்டாண்டு. தண்ணீர் ஊற்றக் கூடாது. 10 நிமிடம் சூடேற்றி, 15 செ.மீ. வட்டத் தட்டில் பாதி அளவு வைத்து, சிறு தீயில் அடியை 30 நிமிடம் வேகவிடுங்கள். குக்கரில் மேல்பக்கம் சிவக்காது. ஆகவே கடலையை முன்பே நன்றாக வறுத்திருக்க வேண்டும்.

9. தட்டில் நெய் தடவிய பட்டர் பேப்பரை இருபுறமும் வெளியே நீட்டி விரித்தால், மொத்தமாகத் தூக்கிவிடலாம். கை பொறுக்கும் சூட்டில் நெய் தடவிய கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். முழுதும் ஆறினால் நொறுங்கும். சுடச்சுட வெட்டினால் இழுபடும்.

10. நன்றாக ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து மூடினால் ஒரு வாரம் நிற்கும். மழைக்காலத்தில் வெல்லம் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள். 2024-ல் வல்லம் வடகாலில் திறந்த 18,720 படுக்கை விடுதிபோல ஓர் இடத்தில் மகள் தங்கியிருந்தால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி அனுப்புங்கள். அறைத்தோழிகளுக்கும் சேர்த்தே வையுங்கள். யாருக்கேனும் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவும் மகளிடம் சொல்லிவையுங்கள்.