பேரப்பிள்ளைகளோடு ஒரு கோடை நாள்: பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்லும் முதியோர் கவனத்துக்கு

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தார். பேரப்பிள்ளைகள் நீர்ச்சறுக்குக்குக் கிளம்பியபோது, "எனக்கு இதெல்லாம் வேண்டாம். பைகளைப் பார்த்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகையில் இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்தார். மகன் திரும்பி வந்து சாப்பிட அழைத்தபோது, மகனை மறைந்துபோன தம் அண்ணன் பெயரைச் சொல்லி விளித்தார். தூக்கக் கலக்கம் என்று எண்ணிக் குடும்பத்தார் இருபது நிமிடங்களைக் கழித்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அவருடைய உடல் வெப்பநிலை 40.6 டிகிரி செல்சியஸ்.

அவர் நலமடைந்து வீடு திரும்பினார். ஆனால் அந்த நாளைப் பற்றி அவர் மகன் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது: "டாக்டர், அம்மா வெயிலில் நடக்கவே இல்லையே! நிழலில்தானே உட்கார்ந்திருந்தார்?" நியாயமான கேள்வி. இக்கட்டுரை பெரும்பாலும் அதற்கான விடைதான்.

நிழலில் இருந்தவருக்கு ஏன் இப்படி?

நம் உடல் தன் உள்வெப்பத்தை ஏறத்தாழ 37 டிகிரியில் நிறுத்திவைக்க முயல்கிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்று 36, 37 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு எஞ்சுவது வியர்வை மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இங்கே 'ஆவியாகும்போது' என்ற சொல் முக்கியமானது. கடலோரத்தின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறதே தவிர, குளிர்ச்சியைத் தருவதில்லை. மதுரையின் 40 டிகிரியைவிடச் சென்னையின் 37 டிகிரி சில நாள்களில் அதிகம் வாட்டுவதற்கு இதுவே காரணம்.

தகரக் கூரை வெயிலை மறைக்கிறது, உண்மை. ஆனால் அதுவே சூடேறிக் கீழே அமர்ந்திருப்பவர் மீது வெப்பத்தை உமிழ்கிறது. மூன்று பக்கமும் அடைத்த கொட்டகை என்றால் காற்றோட்டமும் இல்லை. மர நிழலும் தகர நிழலும் ஒன்றல்ல.

இவற்றோடு முதுமை கொண்டுவரும் மாற்றங்களும் சேர்கின்றன. வியர்வைச் சுரப்பிகள் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கின்றன. வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் கூடுதல் இரத்தத்தைச் செலுத்த வேண்டும். வயதான இதயத்துக்கு அந்த இருப்பு குறைவு. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனும் குறைகிறது. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது தாகம். உடலில் நீர் குறைந்திருந்தாலும் முதியவருக்குத் தாகம் எடுக்காமல் இருக்கலாம். ஆகவே "தாகமே இல்லை, எதற்குத் தண்ணீர்?" என்று அவர் சொல்வது பொய்யன்று, அவர் உடல் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை.

உடல் கோடைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு ஒரே நாளில் பூங்காவில் ஆறு மணி நேரம் கழிப்பவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த நிலை அடிக்கடி நேர்கிறது.

இன்னொன்று. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டால் வெயில் தணிந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பியிருக்கிறோம். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31 அன்று. கத்திரி வெயில் நாள்காட்டியில் முடிந்துவிட்ட பிறகு! மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாள்களே சென்னையில் மிகக் கடுமையானவை. எனவே நாள்காட்டியைப் பார்க்காமல், வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

முன்சொன்ன பெண்மணி அன்று காலை தம் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டிருந்தார். அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. காலையில் ஒரு காப்பி தவிர வேறு எதுவும் பருகவில்லை. நெடுந்தூரப் பயணம், வழியில் கழிவறைக்கு எங்கே போவது என்ற தயக்கம். உள்ளே வரும் நீரை நிறுத்திவிட்டு, வெளியேற்றும் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று பொருள்.

சிறுநீர்பெருக்கிகள் மட்டுமல்ல. நீரிழிவுக்குத் தரப்படும் எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரைகளும் சிறுநீர் வழியே நீரை வெளியேற்றுகின்றன. பீட்டா தடுப்பான்கள் இதயத் துடிப்பு தேவைக்கேற்ப உயர்வதைத் தடுக்கின்றன. அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகளும், சில மனநல மருந்துகளும் வியர்வையைக் குறைக்கின்றன. லித்தியம் உட்கொள்வோருக்கு நீர் குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவும் ஆபத்தே. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மருந்துச் சீட்டோடு உங்கள் மருத்துவரைச் சந்தித்து, "வெயிலில் ஒரு நாள் வெளியே இருக்கப் போகிறேன், இவற்றில் எதையாவது மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்சுலின் போடுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். தோல் சூடாக இருக்கும்போது இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படுகிறது. அதோடு நடையும் சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை வெயிலின் விளைவா, சர்க்கரைத் தாழ்வா என்று பார்வையால் பிரித்தறிய இயலாது. சோதிக்கும் கருவி கையில் இருக்க வேண்டும். இன்சுலினையோ கருவியின் பட்டைகளையோ நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி வரை கூடிவிடும். குளிர்ப்பையில் வைக்கும்போது பனிக்கட்டி நேரடியாகத் தொடாமல் துணியில் சுற்றி வையுங்கள்; உறைந்த இன்சுலினும் பயனற்றதே.

எவ்வளவு தண்ணீர்?

இதய, சிறுநீரக நோய் இல்லாதவர் அமர்ந்திருக்கும்போது மணிக்கு ஒரு டம்ளர், நடமாடும்போது அதற்கும் கூடுதலாக, தாகத்துக்குக் காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகலாம். நீர்மோரும் உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் நல்லவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. பூங்காவில் விற்கும் கோலா பானங்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை. நீரிழிவாளர் எதைத் தொடக் கூடாது என்பது விளங்கும்.

ஆனால் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற பொது அறிவுரை எல்லாருக்கும் உரியதன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகியோருக்கு நாள் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு இளநீரும் ஆபத்தாகலாம்; அதில் பொட்டாசியம் மிகுதி. இத்தகையோரிடம் நான் நேரடியாகவே சொல்லிவிடுவது வழக்கம்: மே மாதத்தில் இந்தப் பயணம் வேண்டாம், குடும்பத்தார் மாலையில் உங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும்.

கழிவறைக்கு அஞ்சித் தண்ணீரைத் தவிர்ப்பது நம் வீட்டுப் பெண்களிடம் ஆழமாக வேரூன்றிய பழக்கம். மூட்டுவலி உள்ளவருக்குத் தரைமட்டக் கழிவறையில் அமர இயலாது. ஈரத் தரையில் வழுக்கி விழும் அச்சமும் உண்டு. "தண்ணீர் குடியுங்கள் அம்மா" என்று வற்புறுத்துவதால் இது தீராது. உள்ளே நுழைந்தவுடன் மேற்கத்திய முறைக் கழிவறை எங்கே இருக்கிறது என்று மகளோ மருமகளோ முதலில் பார்த்துவந்து, அவரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்காமலே இரண்டு மணிக்கு ஒருமுறை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதன் பிறகு அவர் தாமாகவே தண்ணீர் பருகுவதை நீங்கள் காண்பீர்கள்.

பாதங்கள்

நீர் விளையாட்டுப் பகுதிகளில் பலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை, உணர்ச்சியுள்ள காலை உடனே துள்ள வைக்கும். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி மங்கியவருக்கு அந்தத் துள்ளல் வராது. மாலையில் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளம் தெரியும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, மாதக் கணக்கில் கட்டுப்போட வந்தவர்களை எங்கள் பாதநலப் பிரிவு அறியும். நனையக்கூடிய, பின்பட்டை உள்ள செருப்பு ஒன்றை அணிந்தே இருங்கள். காவலர் கழற்றச் சொன்னால் காரணத்தைக் கூறுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் அந்தப் பகுதியைத் தவிருங்கள்.

ராட்டினங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுழைவிடத்தில் எழுதியுள்ள எச்சரிக்கையைப் படித்தாலே போதும். வரிசையில் நிற்பதைப் பற்றித்தான் கூற வேண்டும். வெப்பத்தில் அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருங்கள். அதைவிட, மற்றவர் வரிசையில் நிற்க, உங்கள் முறை வரும்போது சென்று சேர்ந்துகொள்ள முடியுமா என்று ஊழியரிடம் கேளுங்கள்.

பகலை எப்படிப் பிரிப்பது

இத்தகைய பூங்காக்கள் பல காலை பத்து மணிக்குப் பிறகே திறக்கின்றன. ஆகவே "காலையிலேயே சென்று வாருங்கள்" என்ற வழக்கமான அறிவுரையால் பயனில்லை. இரு குழுவாகச் செல்வது மேல்: பிள்ளைகளும் பெற்றோரும் காலையில்; தாத்தாவும் பாட்டியும் மூன்றரை மணிக்கு மேல். ஒன்றாகத்தான் போக வேண்டும் என்றால், பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை குளிரூட்டிய உணவகத்திலோ உள்ளரங்கிலோ அனைவரும் இருங்கள். சக்கர நாற்காலி, பேட்டரி கார், முதலுதவி அறை ஆகியவை உண்டா என்று முன்னாளே தொலைபேசியில் கேட்டுவிடலாம். பருத்தி உடை, குடை, ஒரு துண்டு. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பனையோலை விசிறியால் வீசிக்கொள்வது நம் முன்னோர் அறிந்த முறை. நனைந்த தோலில் காற்றுப் படுவதே சிறந்த குளிர்விப்பு என்று மருத்துவமும் சொல்கிறது.

முதியவரைத் தனியே விடாதீர்கள். பைகளுக்கு லாக்கர் இருக்கிறது. உடன் ஒருவர் முறைவைத்து அமர்ந்திருக்க வேண்டும். தொலைபேசி அழைப்பு அதற்கு மாற்றாகாது. வெப்பம் மூளையைத் தாக்கும்போது தாம் தடுமாறுகிறோம் என்பதை அவரே அறியமாட்டார். "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே பதில் வரும். அந்தப் பெண்மணியும் அன்று ஒரு மணிக்கு அழைப்பை ஏற்று அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அறிகுறி தெரிந்தால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். குளிர்ந்த அறையில் படுக்கவைத்து, கால்களைச் சற்றே உயர்த்தி, சிறுகச் சிறுக நீர் கொடுங்கள். அரை மணியில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் மாறுதல், பொருத்தமற்ற கோபம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது வெப்பவாதம் என்றே கொள்ளுங்கள். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை; வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். பக்கவாதத்திலும் பேச்சுக் குழறும். எதுவாயினும் செய்ய வேண்டியது உடனே 108ஐ அழைப்பதுதான். வாகனம் வரும்வரை காத்திராமல் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டிப் பொட்டலங்களை வையுங்கள்; பூங்காவின் ஐஸ்கிரீம் கடையில் பனிக்கட்டி கிடைக்கும். பொது இடத்தில் சேலையைத் தளர்த்தவும் நனைக்கவும் குடும்பத்தார் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். நான்கு பேர் துண்டுகளைப் பிடித்து மறைத்துக்கொண்டால் போதும். சேலையோடு நனைத்தாலும் பயன் உண்டு. அன்று பூங்கா ஊழியர் ஒருவர் குழாய் நீரை அந்தப் பெண்மணி மீது தயங்காமல் பீய்ச்சியிருந்தார். எங்கள் சிகிச்சையில் பாதியை அவர் முடித்துவிட்டிருந்தார் என்பேன்.

நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாராசிட்டமால் வேண்டாம். இது காய்ச்சல் அன்று. மாத்திரையால் இந்த வெப்பம் இறங்காது.

வீடு திரும்பிய பிறகு

வெப்பத்தின் விளைவு அன்றே முடிந்துவிடுவதில்லை. இரவில் முதியவரின் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். மறுநாள் காலை சிறுநீர் அடர்மஞ்சளாகவோ மிகக் குறைவாகவோ இருந்தாலும், படுக்கையிலிருந்து எழும்போது தள்ளாடினாலும் இரத்த அழுத்தத்தைச் சோதியுங்கள். அழுத்தம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், அன்றைய சிறுநீர்பெருக்கி மாத்திரையைக் கொடுக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். பாதங்களை நல்ல வெளிச்சத்தில், விரலிடுக்குகள் உட்பட, ஒருமுறை பாருங்கள்.