துணையலகு வகையிடல்: மார்க் நழுவாமல் இருக்க 7 குறிப்புகள்

எக்ஸ், ஒய் இரண்டும் டி என்ற துணையலகில் தரப்பட்டால் பிளஸ் ஒன் மாணவர் பலர் தடுமாறுகிறார்கள். ‘எதைப் பொறுத்து வகையிடுகிறேன்?’ என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. எக்ஸையும் ஒய்யையும் டி-ஐப் பொறுத்துத் தனித்தனி வரியில் வகையிடுங்கள். பிறகு ஒய்யின் வகைக்கெழுவை எக்ஸின் வகைக்கெழுவால் வகுங்கள். எக்ஸ் = டி², ஒய் = 2டி என்ற பரவளையத்துக்குச் சாய்வு 2/2டி, அதாவது 1/டி.

2. கோசைனை வகையிட்டால் மைனஸ் வரும். எக்ஸ் = 3 கோசைன் டி, ஒய் = 2 சைன் டி என்ற நீள்வட்டத்தின் சாய்வு −(2 கோசைன் டி)/(3 சைன் டி). வகுக்கும்போது அந்தக் குறியை விட்டுவிடாதீர்கள்.

3. கணக்கில் புள்ளி தந்திருந்தால் முதலில் அதற்குரிய டி-ஐக் கண்டுபிடியுங்கள். ஒரே புள்ளிக்கு இரண்டு டி கிடைக்கலாம். எக்ஸ் = டி², ஒய் = டி³ − 3டி என்ற வளைவரை (3, 0) வழியே இருமுறை செல்கிறது. டி = √3 எனில் சாய்வு √3; டி = −√3 எனில் −√3. இரண்டு தொடுகோடுகளையும் எழுதுங்கள்.

4. தொகுதி மட்டும் பூச்சியமானால் தொடுகோடு கிடைமட்டம். பகுதி மட்டும் பூச்சியமானால் செங்குத்து.

5. இரண்டுமே பூச்சியமானால் அவசரப்பட்டு விடை எழுதாதீர்கள், எல்லை காணுங்கள். உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவரைக்கு எக்ஸ் = டி − சைன் டி, ஒய் = 1 − கோசைன் டி. அரைக்கோண வாய்பாட்டைப் போட்டால் சாய்வு கோடேன்ஜென்ட் (டி/2) எனச் சுருங்கும். டி பூச்சியத்தை நெருங்கும்போது அதன் அளவு எல்லையின்றிப் பெருகுவதால், அங்கே தொடுகோடு செங்குத்து.

6. இரண்டாம் வகைக்கெழுவில்தான் மார்க் அதிகம் போகிறது. இரண்டு இரண்டாம் வகைக்கெழுக்களை ஒன்றால் ஒன்று வகுக்கக் கூடாது. முதல் குறிப்பின் பரவளையத்தில் அப்படிச் செய்தால் 0/2 = 0 வரும்; வளைவரை நேர்கோடு என்றாகிவிடும்! கண்டுபிடித்த சாய்வை டி-ஐப் பொறுத்து மீண்டும் வகையிட்டு, எக்ஸின் முதல் வகைக்கெழுவால் மறுபடி வகுங்கள். (−1/டி²) ÷ 2டி = −1/(2டி³). இதுவே சரி.

7. நேரம் இருந்தால் டி-ஐ நீக்கிச் சரிபாருங்கள். அதே பரவளையம் ஒய்² = 4எக்ஸ் ஆகும். உட்படு முறையில் வகையிட்டால் சாய்வு 2/ஒய்; ஒய்க்கு 2டி போட்டால் 1/டி. இரு வழியிலும் ஒரே விடை வந்தால் தைரியமாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.