மேனாட்டுச் சித்திரங்களிற் கூந்தல்

மேனாட்டார் கூந்தலை அழகுப் பொருளாக மட்டும் கருதினாரல்லர். அதனை ஒழுக்கத்தின் அடையாளமாகவும் கொண்டனர். இடைக்கால ஐரோப்பாவில் மணமான மாதர் கூந்தலை முடித்து முக்காட்டினால் மறைத்தலே முறையெனப்பட்டது. அவிழ்ந்த கூந்தலோ கன்னிப்பெண்ணுக்கும் உரியதாயிற்று. ஒழுக்கந் தவறியவளுக்கும் உரியதாயிற்று. ஒரே அடையாளம் மாறுபட்ட பொருள்களைத் தருவது எங்ஙனம்? மகதலேனா மரியாளின் உருவங்களைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

லூக்கா சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தில், பெயர் சொல்லப்படாத பாவியான ஸ்திரீ ஒருத்தி இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தன் தலைமயிரால் துடைக்கிறாள். அவளும் மகதலேனாளும் ஒருத்தியே என்று 591-ஆம் ஆண்டிற் போப் முதலாம் கிரெகோரி பிரசங்கித்தார். பின்வந்த மேனாட்டுச் சிற்பிகளும் ஓவியரும் நெடுங்கூந்தலையே அவளுக்கு அடையாளமாக்கினர்.

15-ஆம் நூற்றாண்டிலே தொனாத்தெல்லோ மரத்திற் செதுக்கிய மகதலேனாள் தவத்தால் மெலிந்து, கன்னம் ஒடுங்கி நிற்கிறாள். சடைபட்ட கூந்தலே அவளுக்கு ஆடையாகிறது. 1530-களில் தீத்தியன் எழுதிய சித்திரத்திலோ பொன்னிறக் கூந்தல் அலையலையாய் மேனியைத் தழுவுகின்றது. அது மறைப்பதினும் காட்டுவதே மிகுதி. இவ்விரண்டும் இன்று பிளாரென்ஸ் நகரிலேயே உள்ளன. கதை ஒன்று, கூந்தலும் ஒன்று. எனினும் ஒருவர் அதிலே துறவைக் கண்டார், மற்றவர் எழிலைக் கண்டார்.

இக்கருத்து கலைக்கூடத்தோடு நின்றதன்று. 1944-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் பிடியினின்று பிரான்ஸ் விடுபட்ட காலத்து, பகைவரோடு உறவாடினர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களின் தலைகள் மழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஷார்த்ர் நகரில் ராபர்ட் காப்பா எடுத்த புகைப்படம் ஒன்றுண்டு. மழித்த தலையோடு கைக்குழந்தையை ஏந்தி ஒரு பெண் நடக்கிறாள். சூழ்ந்து வரும் கூட்டத்தாரிற் பலர் நகைக்கின்றனர். கூந்தல் மானத்தின் அடையாளமென்று கொண்டமையாலன்றோ, அதனைக் களைதல் மானத்தைக் களைதலாயிற்று?

லூக்கா கூறும் ஸ்திரீயை மகதலேனாள் என்று கொள்ளுதற்குச் சுவிசேஷத்தில் ஆதாரமில்லை. 1969-இல் ரோமச் சபையும் தன் திருநாட்காட்டியைத் திருத்தியபோது அவ்விருவரையும் ஒருத்தியாகக் கொள்ளும் வழக்கத்தைக் கைவிட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாதின்மேல் ஏற்றப்பட்ட பழி, கலைஞர் தீட்டிய கூந்தலால் மக்கள் மனத்தில் வேரூன்றி நின்றது.

கூந்தல் தானாக யாதொன்றும் உரைப்பதில்லை. காண்போரே அதற்குப் பொருள் உரைக்கின்றனர். ஆதலின் சித்திரத்தைக் காணுமிடத்தும் மனிதரைக் காணுமிடத்தும், அப்பொருள் அவர்களுடையதோ நம்முடையதோ என்று முதற்கண் வினவுதல் நம் கடனாகும்.