பரங்கிமலையும் ஸ்ரீபெரும்புதூரும்: ஒரு பூகர்ப்ப ஆராய்ச்சி

பரங்கிமலையிற் புறப்பட்டுப் பல்லாவரம், வண்டலூர் வழியாக மேற்கே திரும்பி ஒரகடத்தையும், அங்கிருந்து வடக்கே ஸ்ரீபெரும்புதூரையும் அடைவோர்க்கு மோட்டார்த் தொழிற்சாலைகளே கண்ணிற் படும். பண்டை நிலத்துண்டுகள் மோதி மலையெழுந்த வரலாறும் அவ்வழியிலேயே கிடக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னகைட் என்னும் கல்லால் ஆயவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி உத்தியோகஸ்தரின் கல்லறைமீது வைத்த கல் இவ்வினத்தது. அதனைச் சோதித்த ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரியார் 1893-இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். சென்னைக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர் வாய்த்தது விந்தையே! புதிதாய் உடைத்த துண்டை வெயிலிற் பிடித்தால் எண்ணெய் தடவினாற்போல மங்கலாய் மின்னும். இதிலுள்ள ஹைபர்ஸ்தீன் என்னும் கனிப்பொருள், நீர் மிகக் குறைந்தவிடத்து, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உண்டாயது. உடனிருக்கும் பொருள்களையும் அளந்தோர், இக்கல் ஏறக்குறைய 15 மைல் ஆழத்தில் வெந்ததெனக் கணிப்பர். அங்ஙனமாயின் அஃது இன்று ரயிற்பாதையோரத்தில் நிற்பதெவ்வாறு?

நிலத்துண்டுகள் இரண்டு நெருங்குங்கால் இடைப்பட்ட கடலடித்தரை ஒன்றன்கீழ் அமிழ்ந்து மறையும். பின்னர்த் துண்டுகள் தாமே முட்டும். முட்டிய விளிம்பு மேலே மலையாய் உயர்வதோடு கீழேயும் தடித்து வேரூன்றும். இமயத்தில் இன்றும் இதுவே நிகழ்கின்றது. மழையும் ஆறும் உச்சியைக் கரைக்கக் கரைக்க, சுமை இறக்கிய ஓடம்போல வேர் மேலெழும். பரங்கிமலையை அவ்வாறு அழிந்த மலையொன்றன் வேரென்றே கொள்ளவேண்டும்.

யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக்கொண்டு ஆராய்ந்ததில் இப்பக்கத்துச் சார்னகைட் ஏறக்குறைய 250 கோடி ஆண்டினதென்று தெரிகின்றது. சென்னை, நீலகிரித் துண்டுகள் அக்காலத்தில் மைசூர்ப் பக்கத்துத் தார்வார் நிலத்தோடு ஒட்டின என்பர். தென்னாட்டுச் சார்னகைட் யாவும் ஒரே மோதலின் பயனென மாணவர் சிலர் எழுதிவிடுகின்றனர். அது பிழை. பாலக்காட்டிலிருந்து காவிரியை அடுத்துச் செல்லும் கோட்டில் மதுரைப் பக்கத்து நிலம் வடநிலத்தோடு முட்டியது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே என்பது பலர் கொள்கை. கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலமது. மடகாஸ்கரிலும் இலங்கையிலும் அம்மலைத்தொடரின் எச்சமுண்டு. நம் பரங்கிமலையோ அப்பொழுதே முதுகிழவன்.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். இவ்வூர்ப் பெயர் தாங்கிய களிப்பாறைப் படிவங்கள் பழங்கற்களின்மேற் படிந்தவை; ஏறக்குறைய 12, 13 கோடி ஆண்டே கொண்டவை. 1863-இல் பல்லாவரத்திற் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் என்பாரும் இவற்றை ஆராய்ந்தார். இவை காட்டுவது மோதலையன்று, பிரிவினை. ஒட்டிக்கிடந்த அண்டார்க்டிக்கா விலகத் தொடங்கவே, கீழ்க்கரை விளிம்பு தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்திற் சேறும் இலையும் சேர்ந்தன. டைலோஃபில்லம் என்னும் பண்டைச் செடியின் இலைப்பதிவுகள் அச்சேற்றில் அகப்படுகின்றன.

கருங்கற் குன்று எளிதில் மறையாது. மெல்லிய களிப்பாறையோ, கட்டடத்திற்கு நிலஞ் சமன் செய்தவிடத்து, ஒருநாளில் கண்ணுக்கு மறையும். ஆதலின் அஸ்திவாரந் தோண்டுமிடங் கண்டால், அனுமதி பெற்றுப் பார்க்க. வெளிறிய களித்தகட்டை அதன் படிவழியே மெல்லப் பிளக்கவேண்டும். குறுக்கே உடைத்தால் இலை நொறுங்கிவிடும்.