காஞ்சிப் பட்டும் கைத்திறனும்

காஞ்சிப் பட்டின் வலிமை கோர்வையில் உள்ளது. சேலையின் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடாக்களைச் செலுத்தி, நெசவாளரும் துணையாளரும் இழைகளைப் பிணைத்து நெய்வதே கோர்வை. இவ்வாறு நெய்த சேலை நைந்தாலும் கரை பிரிவதில்லை. அதன் சரிகையோ பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசப்பட்டது.

இவ்விரண்டும் செலவு மிக்கவை. எனவே, வணிகர் சிலர் வெளியூர் விசைத்தறிகளில் போலிச் சரிகையிட்டு நெய்வித்து, காஞ்சிப் பட்டென்று விற்கின்றனர். நாளடைவில் அச்சரிகை கறுத்துவிடுகிறது. இழப்பு வாங்கியவரோடு நிற்பதில்லை. வேலை குறைந்த நெசவாளர் தறியை விட்டு விலகுகின்றனர். அவர்தம் பிள்ளைகள் கோர்வை கற்பதில்லை.

1985ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சேலை வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2005-06இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். கைத்திறன் நிலைக்கத் தறியில் அமர்வோர்க்கு உரிய கூலி வேண்டும்.